நானூற்றுப் பதினேழாம் இலக்கப் பைக்கற்

இந்த நினைவு மலரை அச்சிடும் அச்சகத்தார் ஒரு மாதிரிக் குறிப்பு அனுப்பியிருந்தார்கள். பெயர், ஊர், வயது ஆகியவற்றுக்குப் புள்ளிக்கோடு விட்டு, மிகுதியை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். அதன்படி காலமானவர் சாந்த சொரூபி, கடுஞ்சொல் அறியாதவர், வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பாதவர். கடைசியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நன்றியுடன் திருப்பி அனுப்பிவிட்டேன். மீனாம்பிகையின் வாயைத் தெரிந்தவர்கள்தான் இதை வாசிக்கப் போகிறீர்கள்.

என் மனைவி மீனாம்பிகை வட்டுக்கோட்டையில் பிறந்து, இடம்பெயர்ந்து அலைந்த சில வருடங்களைத் தவிர மிகுதியெல்லாம் இங்கேயே வாழ்ந்து, போன மாதம் தமது ஐம்பத்தொன்பதாவது வயதில் காலமானார். இருபது வருடங்கள் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தார். ஒரு பிடி மல்லியை உள்ளங்கையில் தேய்த்து மணந்து பார்த்து, அது எந்தப் பருவத்து மல்லி, எவ்வளவு காலம் சாக்கில் கிடந்தது என்று சொல்லுவார். சங்கக்கடை மூடப்பட்ட பிறகு அந்த மூக்கை வீணாக்காமல் கறித்தூள் செய்யத் தொடங்கினார். தூளுக்குச் சாமான் வறுக்கும் நாட்களில் எங்கள் ஒழுங்கை முழுவதும் தும்மும். தபால்காரர் படலைக்கு வெளியே நின்று மணியை மட்டும் அடிப்பார்.

வறுத்த சாமானை அரைக்க மில்லுக்குப் போகும்போது அவர் ஒரு சுண்டு அளவு அரிசியும் கொண்டு போவார். முதலில் அந்த அரிசியை அரைப்பிப்பார். நமக்கு முன்னால் அரைத்தவரின் தூள் இயந்திரத்துக்குள் ஒட்டியிருக்கும். அரிசி அதைத் துடைத்துக்கொண்டு வந்துவிடும். தம்முடையதை அரைத்து முடித்த பிறகு இன்னொரு சுண்டு அரிசியைப் போடுவார். மில்கார யாகோப்பருக்கு முதல் அரிசி விளங்கியது, இரண்டாவது விளங்கவில்லை.

“அக்கா, மற்ற ஆக்களின்ரை தூள் உங்கடைக்குள்ளை வரக்கூடாது, சரி. பேந்து ஏன் ரண்டாந்தரம் அரிசி?”

“என்ரை தூள் மற்ற ஆக்களின்ரைக்குள்ளை போகக்கூடாது. பிறகு தங்கடை கைப்பக்குவம் எண்டு சொல்லித் திரிவினம்.”

சிவந்துபோய் விழும் அந்த மாவை யாகோப்பரின் கோழிகளுக்கு விட்டுவிட்டு வருவார். அந்தக் கோழிகள் தும்மியதை நான் கண்டதில்லை.

தம் தூள் எங்கே போகிறது என்பதில் இவ்வளவு கவனமாக இருந்தவர் ஒரேயொரு வாசலை மட்டும் திறந்து போட்டிருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பெறாமக்களும் மருமக்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கனடா, பிரான்ஸ், லண்டன் என்று பரவிக் கிடக்கிறார்கள். அவர்களில் யார் ஊருக்கு வந்தாலும், அல்லது அவர்கள் பக்கம் யார் போனாலும், சூட்கேசில் மீனாம்பிகையின் தூள் ஏறும். வருடத்துக்கு நாற்பது பைக்கற்றுகள் போகும். வாங்கியவர்கள் தொலைபேசியில் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: “தூள் முடிஞ்சுது, இனி எப்ப அனுப்புவியள்?” அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அடுத்த முறை ஒன்று கூட வைப்பார்.

விற்கிற தூள் வேறு வழியால் போனது. கொடிகாமத்தில் மயூரதன் என்றொருவர் முருங்கைக்காய், ஒடியல், கருவாடு எல்லாம் வெளிநாட்டுக் கடைகளுக்கு ஏற்றுமதி செய்கிறார். ஒரு கலியாண வீட்டில் மீனாம்பிகையின் தூள் போட்ட கறியைச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவாமலே சமையலறைக்குள் வந்து விசாரித்தவர். அதிலிருந்து ‘வட்டுக்கோட்டை மீனாம்பிகை தூள்’ என்ற பெயரோடு ரொறன்ரோவில் நாலு கடைக்கும் லண்டனில் இரண்டு கடைக்கும் போனது. எங்கள் வீட்டில் தனுஷாவும் இன்னும் இரண்டு பெண்களும் வறுக்கவும் பொதி செய்யவும் வந்தார்கள். பைக்கற்றில் தம் பெயரை முதன்முதலாகப் பார்த்த அன்று மீனாம்பிகை அதை இரண்டு நாள் சாமித்தட்டில் வைத்திருந்தார். சாமிக்குத் தும்மல் வரும் என்று சொன்னேன். அன்றைக்கு எனக்குத் தேநீர் கிடைக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன், நல்லூர்த் திருவிழா தொடங்கும் காலத்தில், மயூரதன் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். தேநீரைக் குடித்துக்கொண்டே கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஏதோ ஒரு கடையின் தட்டு. அதில் எங்கள் பைக்கற்றுகள் ஏழெட்டு. பக்கத்தில் அரைவிலை என்று எழுதிய அட்டை.

“அக்கா, இது மொன்றியல். நாங்கள் மொன்றியலுக்கு ஒரு பைக்கற்றும் அனுப்புறேல்லை. எங்களிட்டை எடுக்கிற ரொறன்ரோக் கடைக்காரர் என்னைத் தின்னுறாங்கள். ஒண்டில் ஆரோ உங்கடை பேரிலை கள்ளத்தூள் அடிக்கிறாங்கள். இல்லாட்டி...”

“இல்லாட்டி?”

“நீங்கள் பின்பக்கத்தாலை வேறை ஆருக்கோ குடுக்கிறியள்.”

மீனாம்பிகை அவர் கையிலிருந்த கோப்பையைக் காட்டினார்.

“தம்பி, நீ இப்ப குடிக்கிறது ஆற்றை தேத்தண்ணி?”

“உங்கடைதான் அக்கா.”

“அப்ப கோப்பையைக் கீழை வைச்சிட்டுக் கதை.”

மயூரதன் கோப்பையைக் கீழே வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னதையே திரும்பவும் சொன்னார், குரல்தான் கொஞ்சம் இறங்கியிருந்தது. கொழும்பில் இருக்கும் அவருடைய கூட்டாளிகள் ஒரு புது முறை கொண்டு வந்திருக்கிறார்களாம். பைக்கற்றுக்கு ஒரு சின்னச் சதுர ஸ்ரிக்கர். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இலக்கம். யாராவது கைத்தொலைபேசியை அதற்கு நேரே பிடித்தால், எங்கே செய்தது, எப்போது வறுத்தது எல்லாம் திரையில் வரும். பிடித்தவர் எந்த நகரத்தில் நின்றார், எத்தனை மணிக்குப் பிடித்தார் என்பது மயூரதனின் கைத்தொலைபேசிக்கும் எங்களுடையதற்கும் வந்துவிடும். இலக்கம் இல்லாத பைக்கற் கடையில் இருந்தால் அது கள்ளத்தூள். இலக்கத்தோடு இருந்தால், அது எந்தப் பெட்டியில் போனது என்று பிடித்துவிடலாம்.

“மனுசருக்கு அடையாள அட்டை மாதிரி, அக்கா.”

“என்ரை அடையாள அட்டையே மூண்டுதரம் துலைஞ்சது. நீ தூளுக்குக் குடுக்க வந்திருக்கிறாய்.”

“பகிடி விடாதேங்கோ. தைப்பொங்கலுக்கு முதல் எங்காலை போகுதெண்டு பிடிக்கவேணும். பிடிக்காட்டி இந்தப் பேரிலை இனி ஒரு பைக்கற்றும் ஏறாதாம். வேறை ஆளிட்டைத் தூளை எடுத்து வேறை பேர் போடுவினமாம். நான் என்ன செய்ய? ஒண்டு மட்டும் செய்யுங்கோ. இந்தப் படலையைத் தாண்டுற ஒவ்வொரு பைக்கற்றிலையும் ஸ்ரிக்கர் இருக்கவேணும்.”

மீனாம்பிகை சாமித்தட்டுப் பக்கம் திரும்பி நின்று, “நான் உன்னைத் தவிர ஒருத்தருக்கும் விக்கேல்லை” என்று சத்தியம் செய்தார். மயூரதனும் நம்பினார்.

சத்தியத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நாற்பது பைக்கற்றையும் அவர் விற்கவில்லை, கொடுத்தார். கொடுப்பது அவருக்கு ‘தூள் வெளியே போவது’ என்பதில் சேராது. மூச்சு விடுவதை யாராவது எழுதி வைப்பார்களா? அதனால் அதைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் தோன்றவில்லை.

ஆனால் சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார். படலையைத் தாண்டும் ஒவ்வொரு பைக்கற் என்றால் ஒவ்வொன்றும்தான். அந்த வருடத் திருவிழாவுக்கு வந்தவர்களின் சூட்கேசுகளில் ஏறிய நாற்பதுக்கும் ஸ்ரிக்கர் ஒட்டினார். எந்த இலக்கம் யாருக்கு என்று ஒரு கொப்பியில் எழுதினார். எல்லோருக்கும் ஒரே கட்டளை: “போய்ச் சேந்தவுடனை ஒருக்கா ஸ்ரிக்கரிலை போனைப் பிடியுங்கோ. வந்து சேந்திட்டுதெண்டு எனக்கு இஞ்சை தெரியும்.”

அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் வேலை நடக்கவில்லை. கைத்தொலைபேசி டிங் என்றால் மீனாம்பிகை வறுக்கிற தாச்சியை விட்டுவிட்டு ஓடிவருவார்.

“இஞ்சேருங்கோ, பிரசாந்தி பிடிச்சிட்டாள். நானூற்றுப் பதினேழு. ரொறன்ரோ. இந்த நேரம் பிள்ளை கறி வைக்கிறாள் போலை.”

பிரசாந்தி அவருடைய தமக்கையின் மகள். நாலு வயது வரை எங்கள் வீட்டில் வளர்ந்தவள். நாற்பதும் போய்ச் சேர்ந்த பிறகு மீனாம்பிகை டிங் சத்தத்தை நிறுத்திவிட்டு வறுவலுக்குத் திரும்பினார்.

ஒக்ரோபர் மாதம் ஒரு காலையில் மயூரதன் திரும்பி வந்தார். இந்த முறை தேநீர் வேண்டாம் என்றார். பயந்துதான் வேண்டாம் என்றாரென்று நினைக்கிறேன்.

“அக்கா, மொன்றியல் கடையிலை ஒருத்தரைக் கொண்டு எங்கடை ஸ்ரிக்கரைப் பிடிப்பிச்சனான். கள்ளத்தூள் இல்லை. உங்கடை தூள்தான். இலக்கம் நானூற்றுப் பதினேழு. நான் ஏத்தின ஒரு பெட்டியிலையும் அந்த இலக்கம் இல்லை. இப்ப என்ன சொல்லுறியள்?”

மீனாம்பிகை கொப்பியை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். விரலை வைத்துக்கொண்டு இறங்கினார்.

“நானூற்றுப் பதினேழு பிரசாந்திக்குக் குடுத்தது.”

“ஆர் பிரசாந்தி? அங்கை உங்கடை ஏஜென்ரோ?”

“என்ரை பெறாமகள்! சும்மா குடுத்தது.”

“எத்தினை பைக்கற் சும்மா குடுக்கிறனீங்கள்?”

“நாப்பது.”

மயூரதன் கதிரையில் சாய்ந்தார். பிறகு அந்தப் பைக்கற்றின் பயணத்தைத் திரையில் எடுத்து வாசித்தார். செப்ரெம்பர் இரண்டு, ரொறன்ரோ. ஒன்பது, ரொறன்ரோ, வேறொரு கைத்தொலைபேசி. இருபது, மொன்றியல். அதன் பிறகு அதே மொன்றியலில் எட்டுத் தடவை.

“அவள் ஏன் மொன்றியலுக்குப் போனவள்? எனக்குச் சொல்லவேயில்லையே.”

“அவ போகேல்லை, அக்கா. பைக்கற் போயிருக்குது.”

மீனாம்பிகை அங்கேயே பிரசாந்திக்கு வீடியோவில் எடுத்தார். மயூரதன் திரைக்குத் தெரியாமல் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

“என்ன பிள்ளை, தூள் எப்பிடி?”

“ஐயோ சின்னம்மா, சோக்கான தூள். முடியப் போகுது. எப்ப அனுப்புவியள்?”

“எந்தப் பக்கத்தாலை முடியுது, மோனை? மொன்றியல் பக்கத்தாலையோ?”

திரையில் பிரசாந்தியின் முகம் அப்படியே நின்றது. இணைப்புத்தான் போய்விட்டதென்று நான் நினைத்தேன். பிறகு அவள் கண் இமைத்தாள்.

பிள்ளைகள் உறைப்புச் சாப்பிடுவதில்லையாம். மாமியாருக்கு வயிற்றுப்புண். புருசன் வேலைத்தலத்தில் சாப்பிட்டுவிட்டு வருகிறார். ஒரு பைக்கற் முடிய ஒரு வருடம் போகும். சின்னம்மாவோ யார் வந்தாலும் ஐந்து கொடுத்து விடுகிறார். அதனால் பிரசாந்தி மாமியாருக்குக் கொடுக்க, மாமியார் மொன்றியலில் இருக்கும் தம் தங்கைக்குக் கொடுக்க, அந்தத் தங்கையின் மகன் கடை வைத்திருக்கிறான்.

“எத்தினை வருசமா?”

“ஒரு... ஆறு வருசம்.”

“வேண்டாமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை.”

“உங்களிட்டை ஆர் சின்னம்மா சொல்லுறது? நீங்களெண்டால் சொல்லுவியளோ?”

மீனாம்பிகை திரும்பி எங்கள் அலுமாரியைப் பார்த்தார். அவருடைய தமக்கை வருடாவருடம் கொடுத்துவிடும் ஊறுகாய் அதற்குள் திறக்காமலே ஒன்பது போத்தல் நின்றது.

மூன்று நாள் தாச்சி கவிழ்ந்தே கிடந்தது. தனுஷாவும் மற்ற இருவரும் வந்து முற்றத்தைக் கூட்டிவிட்டுப் போனார்கள். “இஞ்சேருங்கோ, ஆறு வருசம்” என்று மீனாம்பிகை என்னிடம் ஒரு தடவை சொன்னார்.

நாலாம் நாள் காலையில் குங்குமத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு வந்து கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். ஸ்ரிக்கரைப் பிடித்தால் திறக்கும் பக்கத்தில், செய்பவர் நாலு வரி எழுத ஓர் இடம் இருந்தது. மயூரதன் அதில் ‘தூய்மையும் சுவையும்’ என்று போட்டிருந்தார். மீனாம்பிகை சொல்லச் சொல்ல, நாற்பது பைக்கற்றின் பக்கங்களிலும் நான் மாற்றி எழுதினேன்:

“இது விக்கிற தூள் இல்லை. வட்டுக்கோட்டை மீனாம்பிகை தன்ரை ஆக்களுக்குச் சும்மா குடுத்தது. உங்களிட்டை எப்பிடி வந்ததெண்டு இந்தப் போன் இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கோ. கோபிக்க மாட்டன்.”

கடைசி வரி பொய். மற்றதெல்லாம் உண்மை.

ஒரு வாரத்துக்குள் உலகம் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கியது. ஒருவர் டென்மார்க்கிலிருந்து எடுத்து, தமக்கு அது பிறந்தநாள் பரிசாக வந்தது என்றார். இன்னொருவர் சூரிச்சில் ஒரு கோவில் அன்னதானத்துக்குக் கொடுத்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கோவிலுக்குப் போனதற்கு மட்டும் மீனாம்பிகை மன்னிப்புக் கொடுத்தார். மொன்றியல் கடைக்காரப் பையன் எடுக்கவில்லை. ஆனால் வாங்க வந்தவர்கள் தட்டின் முன் நின்று போனைப் பிடித்து வாசித்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியதால், மிகுதிப் பைக்கற்றுகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டானாம். அவனே தின்னுகிறான் என்று பிரசாந்தி பிறகு சொன்னாள்.

நானூற்றுப் பதினேழு மட்டும் அதற்குள் கடையை விட்டுப் போயிருந்தது. நவம்பர் மாதம் பாரிசில் இருந்து ஒரு குரல் வந்தது.

“அம்மா, என்ரை பேர் மரியநாயகி. உங்களுக்கு என்னைத் தெரியாது.”

“பைக்கற் உங்களிட்டையோ, பிள்ளை?”

“இருந்தது. மொன்றியலுக்கு ஒரு கலியாணத்துக்குப் போனவிடத்திலை வாங்கினனான். இப்ப லண்டனிலை என்ரை சிநேகிதிக்குக் குடுத்திட்டன். குடுக்கேக்கைதான் ரண்டு பேருமாப் பிடிச்சு வாசிச்சனாங்கள். சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது, அம்மா.”

“சிரியுங்கோ, சிரியுங்கோ. ஏன் நீங்கள் அதிலை கறி வைக்கேல்லை?”

“வைக்கத்தான் நினைச்சனான். அவ போன வருசம் எனக்குச் சீலை எடுத்துத் தந்தவ. வெறுங்கையோடை எப்பிடி அவவின்ரை வீட்டை போறது?”

மீனாம்பிகை வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்ததை யாரோ ஒரு மரியநாயகி திருப்பிச் சொல்கிறாள். அதற்கு எப்படிக் கோபிப்பது? “சரி பிள்ளை, சிநேகிதிக்குச் சொல்லுங்கோ, மீனுக்கு ஒண்டரைக் கரண்டி காணும்” என்று வைத்துவிட்டார்.

மார்கழியில், திருவெம்பாவை நாட்களில், எதிர்வீட்டு உதயகலா ஒரு சொப்பிங் பையோடு வந்தார். அவருடைய ஒன்றுவிட்ட தம்பி லண்டனிலிருந்து வந்து நின்றான். “தம்பி கொண்டுவந்தவன் அக்கா. சொக்கிலேற்றும், சோப்பும், என்னவோ தூளுமாம். எங்களுக்கு நீங்கள் தாற தூள் காணும்தானே. இதை நீங்கள் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. லண்டன் சாமான், நல்லாத்தான் இருக்கும்.”

மீனாம்பிகை பைக்குள் கையை விட்டார். முதலில் சொக்கிலேற் வந்தது. பிறகு சோப்பு வந்தது. பிறகு அவர் பெயர் வந்தது.

ஓரங்கள் நசிந்து, மேலே ஒரு பரிசுப் பொருளின் மினுக்குத் துண்டு ஒட்டியிருந்தது. மற்றபடி பைக்கற் ஒரு சேதமும் இல்லாமல் இருந்தது. ஸ்ரிக்கரில் கைத்தொலைபேசியைப் பிடித்தார். நானூற்றுப் பதினேழு. திரையில் ரொறன்ரோ, மொன்றியல், லண்டன் என்று இறங்கி வந்து, கடைசியில் எங்கள் ஊர் நின்றது. அதன் கீழே, உங்களிட்டை எப்பிடி வந்தது என்று அவரே அவரைக் கேட்டார்.

உதயகலாவுக்கு விசயத்தைச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ, நான் உள்ளுக்குப் பாக்கவேயில்லை, அக்கா! தம்பிக்கும் அங்கை ஆரோ பரிசாக் குடுத்ததாம்.”

“நீ மட்டுமில்லை, பிள்ளை. அஞ்சு வீட்டிலை ஒருத்தரும் உள்ளுக்குப் பாக்கேல்லை.”

மயூரதனை வரச் சொன்னார். அந்தப் பைக்கற்றையும் கொப்பியையும் அவர் முன் வைத்தார். நாற்பதில் நான்கு மட்டுமே கொடுத்த வீட்டில் நின்றிருந்தன. மிகுதி முப்பத்தாறும் கைமாறியிருந்தன. மயூரதன் எல்லாவற்றையும் பார்த்து முடித்து, “அக்கா, நான் உங்களைச் சந்தேகப்பட்டது பிழை” என்றார். பெரிய மனிதர். ஆனால் அடுத்த வசனத்தையும் விடவில்லை.

“நீங்கள் விக்கேல்லை, சரி. ஆனா நீங்கள் குடுக்கிறது கடையிலை போய் நிக்குது. கொழும்பிலை என்ன சொல்லுவினம்? சும்மா குடுக்கிறதை நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டினால் பொங்கலுக்கு ஒப்பந்தம் திரும்ப எழுதலாம்.”

“வாற ஆக்களை நான் வெறுங்கையோடை அனுப்புறதோ?”

“பனங்கட்டி குடுங்கோ.”

“பனங்கட்டி நானோ செய்யிறன்?”

அன்று மயூரதன் அதோடு எழுந்து போய்விட்டார். பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு பக்கம் பைக்கற்றில் இருக்கும் பெயரும் தனுஷா ஆட்களின் வேலையும். மறுபக்கம் நாற்பது சூட்கேசு. ஓய்வுபெற்ற வாத்தியாரான நான் அந்தப் புத்தியில், “பெயரைக் காப்பாற்று, கொடுப்பதை விடு” என்றேன். மீனாம்பிகை என்னைப் பார்த்த பார்வையை அச்சகத்தாரின் மாதிரிக் குறிப்பில் எந்தப் புள்ளிக்கோட்டிலும் போட முடியாது.

இரண்டு நாள் கழித்து, தனுஷா பொதி செய்துகொண்டிருந்த மேசையில் வந்து இருந்தார். ஒரு பைக்கற்றை எடுத்தார். கத்தரிக்கோலால் அதன் மூலையைச் சீராக வெட்டினார். வெட்டிய வாயை இரண்டு மடிப்பு மடித்து, ஒரு றப்பர் வளையம் போட்டார். மயூரதனுக்கு வீடியோவில் எடுத்துக் காட்டினார்.

“தம்பி, இதை எந்தக் கடையிலை வைச்சு விப்பாங்கள்?”

“...ஒருத்தரும் விக்கேலாது, அக்கா.”

“இதைப் பிறந்தநாளுக்குப் பரிசாக் குடுப்பினமோ?”

“மாட்டினம்.”

“அப்ப என்ன செய்வினம்?”

மயூரதன் யோசித்தார். “தின்னத்தான் வேணும்.”

“அவ்வளவுதான். எழுது ஒப்பந்தத்தை.”

“அக்கா, சூட்கேசுக்குள்ளை கொட்டுண்டுமே!”

“கொட்டுண்டட்டும்.”

பொங்கலன்று காலை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் ஒரு வரி மயூரதனின் கூட்டாளிகளைக் குழப்பியதாம்: ‘முழுப் பைக்கற் எதுவும் அன்பளிப்பாகக் கொடுக்கப்படமாட்டாது.’ முழு என்ற சொல் எதற்கு என்று கேட்டார்களாம். மயூரதன், அது ஊர் வழக்கு என்று சொல்லிச் சமாளித்தார். அவருக்கு அந்த மார்கழிக்குப் பிறகு எங்கள் வீட்டில் தேநீரோடு வடையும் கிடைத்தது.

அடுத்த திருவிழாவில் நாற்பது பைக்கற்றும் மூலை வெட்டுண்டு விமானம் ஏறின. கொட்டுண்டது உண்மைதான். ஒரு மருமகனின் கோட்டுப் பைக்குள் இன்னமும் தூள் இருக்கிறது. வேலைத்தலத்தில் கைக்குட்டையை உதறியபோது மூன்று வெள்ளைக்காரர் தும்மினார்களாம். ஒரு மணப்பெண்ணின் கூறைச்சீலை கறிவேப்பிலை மணத்தோடு ரொறன்ரோ போய்ச் சேர்ந்தது. எல்லோரும் எடுத்து முறையிட்டார்கள். எல்லோரிடமும் மீனாம்பிகை ஒன்றையே சொன்னார்: “அப்ப கெதியாத் தின்னுங்கோ.”

கார்த்திகை மாதம் பிரசாந்தி எடுத்தாள். கும்பிடு போடவில்லை, சுகம் விசாரிக்கவில்லை. நேரே தொடங்கினாள்.

“சின்னம்மா, உதென்ன தூள்? வாய் எரியுது! பிள்ளையள் ரண்டும் தண்ணிக்கு ஓடுதுகள். இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாப்பிடுறார். மல்லியைக் கூட்டி மிளகாயைக் குறையுங்கோ. வெந்தயமும் கூடிப் போச்சு.”

பத்து நிமிடம் ஒவ்வொரு குறையாகச் சொன்னாள். மீனாம்பிகை ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வைத்த பிறகு என்னிடம் திரும்பினார்.

“இஞ்சேருங்கோ, திண்டிருக்கிறாள்.”

பிறகு தனுஷாவைக் கூப்பிட்டு, பிரசாந்தியின் பைக்கற்றுக்கென்று தனியாக ஒரு வறுவல் தொடங்கினார். மல்லி கூட, மிளகாய் குறைய, வெந்தயம் ஒரு சிட்டிகை. அதிலிருந்து ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் முறைப்பாட்டைச் சொல்ல, ஒவ்வொருவருக்கும் ஒரு வறுவல் என்று கொப்பி நிரம்பியது. யார் வீட்டில் யாருக்கு வயிற்றுப்புண், எந்தப் பேரப்பிள்ளை இப்போது உறைப்புத் தின்னப் பழகிவிட்டது எல்லாம் அதில் இருக்கின்றன. மில்லில் அரிசியும் கூடவே கூடியது. யாகோப்பரின் கோழிகள் நன்றாகக் கொழுத்தன.

அந்தக் கொப்பி இப்போது பிரசாந்தியிடம் இருக்கிறது. போன மாதம் சாவீட்டுக்கு வந்தவள் இன்னும் திரும்பிப் போகவில்லை. வழக்கமாகக் கொடுக்கும் எவர்சில்வர்க் கிண்ணத்துக்குப் பதிலாக, இன்றைய முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்த உங்களுக்குக் கொடுக்கவென்று, அவளும் தனுஷாவும் போன கிழமையே இருந்து வறுத்தார்கள். எனக்கு உறைப்புக் கொஞ்சம் போதாது. சொன்னேன். கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

இந்த மலரோடு வாசலில் உங்கள் கையில் ஒரு பைக்கற் தரப்படும். மூலை வெட்டியிருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் போத்தலில் கொட்டிவிட்டு, மீனென்றால் ஒன்றரைக் கரண்டி போடுங்கள். குறை இருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். தொலைபேசி இலக்கம் பின் அட்டையில் இருக்கிறது. நல்லாயிருக்கிறது என்று சொல்லுவதற்கு மட்டும் எடுக்கவேண்டாம்.